ஆறு நாற்பது வண்டி

செங்கல்பட்டில் மின்சார ரயில் வந்து நின்றதும் டிரைவர் இறங்கிப் பின்பக்கம் நடப்பார், கார்டு முன்பக்கம் நடப்பார். வண்டி வந்த வழியே திரும்ப வேண்டும்; ஆட்கள் முனை மாற வேண்டும். ஒன்பது பெட்டி நீளம். ஐந்தாவது பெட்டிக்கு எதிரே சந்திரம்மாவின் டீக்கடை. இருவரும் அங்கே சந்தித்துக்கொள்வார்கள். கார்டு வரதன் பத்தொன்பது வருடம் அப்படி நடந்தவர்.

"இன்னா அண்ணாத்த, டிரைவரு கிளாஸையே காலி பண்ட்டாரு. நீ இப்பத்தான் ஆடி அசைஞ்சிகினு வர்றே," என்பாள் சந்திரம்மா.

வண்டி மறுபடி கிளம்ப இருபத்தைந்து நிமிடம் ஆகும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

1998இல் திருநாவுக்கரசு என்ற இளம் அதிகாரி கேட்டார். புதுத் தண்டவாளம் வேண்டாம், புதுப் பெட்டி வேண்டாம் என்றார். வேறொரு டிரைவரும் கார்டும் இரு முனையிலும் தயாராக நின்றால் வந்த வண்டி எட்டு நிமிடத்தில் திரும்பிவிடும். இறங்கியவர்கள் டீ குடித்துவிட்டு அடுத்த வண்டியை எடுக்கலாம். மிச்சமாகும் நேரத்தில், காலை 6.10க்கும் 7.10க்கும் நடுவே 6.40க்கு ஒரு வண்டி விடலாம்.

சரியாகத்தான் சொன்னார். ஆனால் சங்கத்தைக் கேட்காமல் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். சங்கத்தின் கிளைச் செயலாளர் வரதன்.

"இன்னிக்கு எட்டு நிமிசம்பான். நாளிக்கு டீ எதுக்குன்னுவான்," என்றார் வரதன், டிரைவர் ஜெபகுமாரிடம்.

சோதனை ஓட்டம் நான்கு நாள் நடந்தது. 6.40க்குப் பச்சைக்கொடி காட்டியவர் வரதன்தான். முதல் நாள் பெட்டிகள் காலி. நான்காம் நாள் உட்கார இடமில்லை. அன்று மதியம் அவர் நான்கு பக்கம் ஆட்சேபம் எழுதினார். அழகான கையெழுத்து. மூன்றாம் பக்கத்தில், பயணிகள் ஏறவில்லை என்று இருந்தது.

"இன்னிக்கு நின்னுகிட்டில்ல வந்தாங்க?" என்றார் ஜெபகுமார்.

"முன்னாடி குந்திகினு இருந்த உனக்கு இன்னா தெரியும்? கையெழுத்துப் போடு."

ஐந்தாம் நாள் வண்டி இல்லை. அதிகாரிக்கு மாற்றல் வந்தது. வரதனுக்குச் சால்வை போட்டார்கள்.

2004இல் அவர் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. மகள் அன்பரசிக்குக் கிண்டியில் கம்ப்யூட்டர் வேலை. மருமகனுக்குக் கல்பாக்கத்தில். அவன் தெற்கே, அவள் வடக்கே. எனவே நடுவில், செங்கல்பட்டில் அப்பா வீட்டில் குடியிருந்தார்கள். குழந்தை ஸ்வாதி ஆறு மணிக்கு எழுந்து பால் கேட்கும். அன்பரசியால் 6.10ஐப் பிடிக்க முடியாது. 7.10இல் போனால் தினமும் கால்மணி தாமதம். இனியும் இப்படி வந்தால் வேலையை விட்டுவிடும்படி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

"நடுவுல ஒரே ஒரு வண்டி வுட்டா போதும்பா. எழுதிப் போடேன். உனக்குத்தான் எழுத வருமே."

எழுதினார். பழைய விஷயத்தைச் சொல்லவில்லை. பத்து வாரம் கழித்துப் பதில் வந்தது. அவர் ஸ்வாதிக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். அன்பரசிதான் பிரித்துப் படித்தாள்.

"'1998இல் நான்கு நாள் இயக்கிப் பார்க்கப்பட்டது. பயணிகள் ஏறவில்லை என அவ்வண்டியின் கார்டு திரு. வரதன் எழுத்துமூலம் தெரிவித்துள்ளபடியால்...'" நிறுத்தினாள். "நீதானே?"

"நான்தான்."

"யாருமே ஏறலியா?"

"மொத நாள் ஏறல."

"மத்த நாளு?"

வரதன் குழந்தையின் வாயைத் துடைத்தார். "கடேசி நாளு நின்னுகினு வந்தாங்க."

அவள் கடிதத்தை மடித்து டி.வி. மேல் வைத்தாள். ஏதாவது திட்டுவாள் என்று அவர் பார்த்தார். இட்லித் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ராஜினாமா கொடுக்கப் போன அன்று அவளுக்கு அவசரமில்லை. 7.10 வண்டிக்கே கிளம்பினாள். வரதன் ஸ்வாதியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன்வரை போனார். அன்பரசி ஜன்னலோரம் உட்கார்ந்து, மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் ஒரு பக்கமிருந்தும் கார்டு மறுபக்கமிருந்தும் வந்து கடையில் சேர்ந்தார்கள். இருவருமே புதியவர்கள்.

சந்திரம்மா வரதனைப் பார்த்துவிட்டு மூன்றாவது கிளாஸை எடுத்தாள்.

"வேணாம்," என்றார்.

வண்டி கிளம்ப இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது.