இரண்டு போன், ஒரு டியூப்லைட்

வீட்டில் வெளிச்சமே இல்லை என்று என் கணவர் சொல்ல ஆரம்பித்தபோது எனக்குச் சுருக்கென்று கோபம்தான் வந்தது. ஸ்ரீரங்கத்தில் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளாக அதே கூடம், அதே டியூப்லைட். நேற்று வரை போதுமானதாக இருந்தது திடீரென்று இருட்டாகிவிடுமா?

அவருக்குப் பொன்மலைப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை. கூரைக்குக் கீழே கூண்டில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவர். அடுத்த மாதம் மெடிக்கல். கண்ணில் குறை என்று எழுதிவிட்டால் கிரேனிலிருந்து இறக்கி வேறு வேலையில் போட்டுவிடுவார்கள். அந்தக் கூண்டை விட்டு இறங்குவதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அதனால் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் தினசரி காலண்டர் முன்னால் நின்று, ராகுகாலம், எமகண்டம் என்று பொடி எழுத்தையெல்லாம் படித்துப் பழகிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்திவிட்டு, "இந்த இருட்டுல எவனுக்குத் தெரியும்?" என்பார்.

புது எல்இடி டியூப் வாங்கி மாட்டினேன். "பழசே தேவலை" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் ஜெயித்த முகத்தோடு வந்தார். வெளிச்சத்தை அளக்கிற ஆப் ஒன்றைக் கூட வேலை பார்ப்பவர் இவர் போனில் ஏற்றிக் கொடுத்திருந்தார். டீப்பாயில் போனை மல்லாக்க வைத்து, "நீயே பாரு" என்றார். முப்பது சொச்சம். படிக்க இது போதாது என்று கீழே எழுதியும் இருந்தது.

விடுவேனா? அதே ஆப்பை என் போனில் ஏற்றி, அதே இடத்தில் வைத்தேன். முந்நூறைத் தாண்டியது.

"உன் போன் உன்ன மாதிரியே ஒண்ணைப் பத்தாச் சொல்லுது."

"உங்க போன் உங்கள மாதிரியே அழுமூஞ்சி."

வாய்தான் பேசியதே தவிர, எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரே வெளிச்சத்துக்கு எப்படி இரண்டு கணக்கு? போனைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் சுற்றினேன். அடுப்படியில் ஒன்று காட்டியது, ஜன்னலோரம் வேறொன்று. குனிந்து பார்த்தால் எண் இறங்குகிறது, நிமிர்ந்தால் ஏறுகிறது. என் நிழல்தான் அதன்மேல் விழுகிறது என்பதே பிறகுதான் உறைத்தது. நடுவில் ஒரு பயமும் வந்துவிட்டது. என் கண்ணுக்கு மட்டும்தான் இந்த வீடு பளிச்சென்று இருக்கிறதோ? இருட்டில் உட்கார்ந்துகொண்டு வெளிச்சம் என்று சாதிக்கிறேனோ? பாவம், அவரை வீணாகத் திட்டிவிட்டேனோ?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீப்பாயில் இருந்த அவர் போன் அடித்தது. யார் என்று பக்கவாட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன். திரை கன்னங்கரேலென்று இருந்தது.

"என்னங்க, அடிக்குது, ஆனா ஒண்ணும் தெரியல?"

"அது பிரைவசி கிளாஸ். பக்கத்துல இருக்கறவன் எட்டிப் பாக்காம இருக்க ஒட்டுனது."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. வெளிச்சத்தை வாங்குகிற பொட்டு திரையின் உச்சியில்தானே இருக்கிறது? அதன்மேல் கறுப்புக் கண்ணாடியை ஒட்டிவிட்டு வெளிச்சத்தை அளந்தால்? அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, நகத்தால் நெம்பிக் கண்ணாடியைப் பிய்த்தேன். ஆப்பைத் திறந்து போனை அதே இடத்தில் வைத்தேன். அவர் போனும் முந்நூறுக்கு மேல் ஏறியது.

"இப்ப என்ன சொல்றீங்க?"

"கொண்டா இங்க" என்று போனை வாங்கிக்கொண்டு டியூப்லைட்டுக்கு நேர் கீழே போய் நின்றார். சின்னக்கடை வீதியில் புதிதாக மாற்றிய மூக்குக்கண்ணாடியைப் போட்டிருந்தார். அந்த ஆப்பில் எண் பாதித் திரைக்கு நிற்கும். போனைக் கிட்டே கொண்டுபோனார், எட்டப் பிடித்தார், சாய்த்தார். தோற்றேன் என்று அவர் வாயால் சொல்லட்டும் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

"எவ்வளவு காட்டுது?" என்று என்னிடம் கேட்டார்.

கிட்டே போய் எட்டிப் பார்த்தேன்; முந்நூறு சொச்சம், பாதித் திரைக்கு. அத்தனை நாள் கோபமும் எங்கே போனதென்று தெரியவில்லை.

"கம்மியாத்தாங்க இருக்கு" என்றேன்.

அவர் போனை டீப்பாயில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"பொய் சொல்லாத" என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "கூண்டுலேர்ந்து பாத்தா, கீழ நிக்கிற ஆளும் இப்படித்தான் கலங்கலாத் தெரியறான்" என்றார்.