காடாம்புலியூருக்குப் போன பென்டிரைவ்

சந்திராவுக்குக் காத்திருக்கத் தெரியாது. நெய்வேலி டவுன்ஷிப்பில், எங்கள் வீடு இருந்த பிளாக்கின் மார்க்கெட்டில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தாள். லேப்டாப்பில் விண்டோஸ் ஏறும்போது திரையில் ஒரு கோடு மெல்ல நகருமே, அதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது. பக்கத்துக் கடைத் தையல்காரர் சக்கரபாணியிடம் போய் வம்பிழுப்பாள். திரும்பி வந்து எட்டிப் பார்த்து, "இன்னும் அங்கயே நிக்குது பாரு, எருமை" என்பாள்.

பதினைந்து வருடம் என்னோடு வாழ்ந்தாள். போன ஐப்பசியில் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. துக்கம் கேட்க வந்தவர்களில் காடாம்புலியூர் மணிமொழியும் இருந்தாள். அவளைப் பார்த்ததிலிருந்து பல வருடங்களுக்கு முந்தைய ஒரு பங்குனி மாதத்து நாள்தான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

தமிழ்நாடு முழுக்கக் கரண்ட் இல்லாமல் தவித்த காலம் அது. மின்நிலையம் இருந்த எங்கள் டவுன்ஷிப்பில் மட்டும் போகாது. சுற்றியிருந்த ஊர்ப் பிள்ளைகள் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு சந்திராவின் கடைக்கு வருவார்கள். முன்பு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தியவள் என்பதால் எல்லோருக்கும் அவள் டீச்சர். கரண்ட் போகாத ஊர் என்பதால் எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. லேப்டாப்பின் பேட்டரியைக் கழற்றி, பேப்பரில் சுற்றிப் பீரோவில் வைத்துவிடுவோம். சார்ஜரிலேயே ஓட்டினால் பேட்டரி கெடாது என்று யாரோ சொன்னது குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரவியிருந்தது.

அன்று காலை நைட் ஷிஃப்ட் முடித்து வந்து நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சந்திராவுக்கு மணிமொழியின் போன் வந்தது. கடைக்கு வரும் பிள்ளைகளில் ஒருத்தி; அப்போது கல்லூரியில் கடைசி வருடம் படித்தாள்.

"டீச்சர், லேப்டாப் ஆன் ஆவுது, உள்ள போவ மாட்டேங்குது. கருப்பா நிக்குது. மத்தியானம் ரெண்டு மணிக்கு எனக்கு வைவா, ப்ராஜெக்ட ஓட்டிக் காட்டணும்."

"ப்ராஜெக்ட் எங்க வச்சிருக்க?"

"அதே லேப்டாப்லதான், டெஸ்க்டாப்ல."

"வேற காப்பி?"

"இல்ல டீச்சர். பண்ருட்டியில காட்டினேன். ஃபார்மேட் பண்ணாதான் ஆவும்னாங்க" என்றாள். ஃபார்மேட் செய்தால் டெஸ்க்டாப்பில் இருப்பது அத்தனையும் போய்விடும்.

"யாரையும் தொட விடாத. நான் வர்றேன்."

அந்தப் பெண் பஸ்ஸில் வரட்டுமே என்றேன். "அவ கிளம்பி, பஸ் வந்து, இங்க இறங்கி... அதுவரைக்கும் எனக்குப் பொறுக்காதுங்க" என்று ஸ்கூட்டியை எடுத்துவிட்டாள்.

அவளிடம் இருந்தது ஒரே பென்டிரைவ். விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் சின்ன லினக்ஸ் ஒன்றை அதில் எழுதி, கெட்டுப்போன லேப்டாப்பில் செருகி அதிலிருந்தே கிளப்பினால், உள்ளே இருப்பது எதையும் அழிக்காமல் திறந்து பார்க்கலாம். வேண்டியதை வெளியே எடுத்த பிறகுதான் விண்டோஸ் போடுவாள். அன்று அந்தப் பென்டிரைவில் முந்தின நாள் எழுதிய விண்டோஸ் கிடந்தது. புதிதாக எழுத வேண்டும். தன் லேப்டாப் கையில் இருக்கிறதே, அங்கே போய் எழுதிக்கொள்ளலாம் என்று போய்விட்டாள்.

அங்கே நடந்தது பிறகு இருவரும் சொல்லித் தெரிந்ததுதான். பென்டிரைவில் எழுதத் தொடங்கிவிட்டு, வழக்கம்போல் எழுந்து பின்பக்கம் போயிருக்கிறாள். மணிமொழியின் அம்மா வீராயி முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள். இவளும் ஒரு கொட்டையை எடுத்தாள்.

"சாம்பல தடவிக்கினு தொடு டீச்சரு, பாலு பட்டா கை வெந்துடும்."

இரண்டாவது கொட்டையை நசுக்கியபோது உள்ளே மின்விசிறி நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால் திரை இருட்டு. பென்டிரைவில் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

"பேட்டரி இல்லீங்களா டீச்சர்?"

"பீரோவுல இருக்குடி."

வீராயி சிரித்துவிட்டாள். "இன்னா டீச்சரு, கரண்டு செய்யற ஊருலேர்ந்து வர்ற. கரண்டு போவும்னு தெரியாதா?"

"எப்ப வரும்?"

"இப்பவும் வரும், ரெண்டு மணி நேரமும் ஆவும். குந்து டீச்சரு, மோரு குடி."

"குந்தினா எனக்கு உயிரே போயிடும். மணிமொழி, ஏறு வண்டியில."

கல்லூரி பண்ருட்டிக்கு அந்தப் பக்கம். இவர்கள் எதிர்த்திசையில் நெய்வேலிக்கு வந்தார்கள். பின்னால் லேப்டாப்பைக் கட்டிப்பிடித்தபடி அந்தப் பெண் வழியெல்லாம் அழுதிருக்கிறாள். "அழாதடி, கீபோர்டுல சொட்டுது" என்று இவள் அதட்டிக்கொண்டே வந்திருக்கிறாள்.

கதவு தட்டிய தட்டலில் எழுந்தேன். கூடத்திலேயே சார்ஜரைச் செருகி மறுபடி எழுதத் தொடங்கினாள். "நீங்க பாத்துக்கிட்டே இருங்க, என்னால முடியாது" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். கழுவிய டம்ளரையே திரும்பக் கழுவினாள். மணிமொழி நகத்தைக் கடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். கோடு கடைசிக்கு வந்ததும் நான்தான் கூப்பிட்டேன்.

பென்டிரைவை மணிமொழியின் லேப்டாப்புக்கு மாற்றினாள். கருப்புத் திரை போய், எங்களுக்குப் பழக்கமில்லாத லினக்ஸின் நீலத் திரை ஒன்று வந்தது. உள்ளே போய்த் தேடினாள். ப்ராஜெக்ட் அப்படியே இருந்தது. மணிமொழி ஓவென்று அழுதுவிட்டாள்.

"அழுவறத ராத்திரிக்கு வச்சுக்க. மணி ஒண்ணாகப் போகுது" என்றாள் சந்திரா. விண்டோஸ் போட நேரமில்லை. பீரோவிலிருந்த பேட்டரியை எடுத்துத் தன் லேப்டாப்பில் மாட்டி, ப்ராஜெக்டை அதில் ஏற்றி, ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அதையே அவள் கையில் கொடுத்தாள். பைக்கை நான் எடுத்தேன்.

"நீ?"

"மூணு பேர் எப்படிங்க போறது? போங்க, போங்க."

காடாம்புலியூரில் ரோட்டோரம் நின்ற வீராயி கையை ஆட்டிக் கத்தினாள். "டீச்சரும் நீயும் தெருமுனை தாண்டல, கரண்டு வந்துடுச்சி!" நான் வண்டியை நிறுத்தவில்லை. சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தியபோதுதான் எடுத்தேன்.

"எங்க இருக்கீங்க?"

"கேட் போட்டுட்டான்."

"கேட்டா? அவள இறங்கி நடக்கச் சொல்லுங்க. அந்தப் பக்கம் ஆட்டோ நிக்கும்."

சொல்லி முடிப்பதற்குள் மணிமொழி இறங்கிவிட்டாள். லேப்டாப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஆட்களோடு ஆளாகத் தண்டவாளத்தைத் தாண்டி ஓடினாள். ரயில் போய்க் கேட் திறந்து நான் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் உள்ளே போயிருந்தாள்.

போன் அடித்தது. "உள்ள போயிட்டாளா?"

"போயிட்டா."

"நீங்க பாத்தீங்களா?"

"வாட்ச்மேன் சொன்னாரு."

"வாட்ச்மேன் சொன்னாராம்! போய்ப் பாருங்க."

வெகுநேரம் கழித்து மணிமொழி வெளியே வந்தாள். தாமதமாக வந்ததற்குத் திட்டி, எல்லோருக்கும் கடைசியாகக் கூப்பிட்டார்களாம்.

"ஓடிச்சா?"

"ஓடிச்சி சார். பாஸுன்னுட்டாங்க. எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். ஒரே ஒரு கேள்விக்குத்தான் தெரியல."

சந்திராவுக்குப் போன் போட்டு அவளிடம் கொடுத்தேன். "பாஸு டீச்சர்" என்று நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் சந்திரா ஏதோ கேட்டாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னா சொல்றா?" என்றேன்.

"அந்த ஒரு கேள்வி இன்னான்னு கேக்கறாங்க சார்."