துப்பாக்கி சுற்றிய வேட்டி

இண்டியானாவுக்கு வந்த முதல் வாரம் மளிகைக் கடையில் பில் போடும் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் அரைக்கால் சட்டையில் நின்றார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், இடுப்பில் துப்பாக்கி. அவர் போலீஸ்காரர் இல்லை. யாரும் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மட்டும் பால் கேனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வரிசைக்கு நழுவினேன். பில் போட்ட பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இங்கே அதற்குச் சட்டத்தில் அனுமதி உண்டு என்று சிரித்தாள். இங்கே என்றால் எதுவரைக்கும் என்று கேட்க நினைத்தேன். பள்ளிப்பட்டுப் பக்கத்தில் பிறந்தவனுக்கு முதலில் தோன்றும் கேள்வி அதுதான்.

எங்கள் ஊரிலிருந்து பள்ளிப்பட்டுக்குப் போகும் குறுக்குச் சாலை நடுவில் கொஞ்ச தூரம் ஆந்திராவுக்குள் போய்விட்டு மறுபடி தமிழ்நாட்டுக்கு வரும். மைல்கல்லில் தெலுங்கு தெரியும், கொஞ்ச நேரத்தில் தமிழ் திரும்பிவிடும். அதை யாரும் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. நைனாவும் எண்ணவில்லை. அப்பாவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். வேர்க்கடலைக் காட்டைக் கிளறும் பன்றிகளை விரட்ட அவர் லைசென்ஸோடு ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். வானத்தைப் பார்த்துத்தான் சுடுவார். தேர்தல் அறிவித்தால் அதை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் வாங்கி வரவேண்டும். ஒவ்வொரு தேர்தலுக்கும் பழைய வேட்டி ஒன்றில் சுற்றி, மொபெட்டில் கட்டி, அந்தக் குறுக்குச் சாலையிலேயே போய் வந்தார்.

ஒரு சட்டமன்றத் தேர்தலின்போது அந்தச் சாலையின் ஆந்திரப் பகுதியில் புதிதாக ஒரு போலீஸ் சோதனைச் சாவடி முளைத்திருந்தது. அப்போது நான் தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலையில் இருந்தேன். நைனாவை அங்கே பிடித்து வைத்திருப்பதாகப் போன் வந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் மூன்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். நைனா வெயிலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அதே பெஞ்சுதானாம். லைசென்ஸ் புத்தகத்தில் தமிழ்நாட்டுக்கு மட்டும் என்று எழுதியிருந்ததை அவர் வாங்கிய நாளிலிருந்து படித்ததே இல்லை. சிங்க முத்திரை இருக்கிறது, அது போதும் என்று நினைத்திருக்கிறார்.

“குடுக்கத்தான் சார் எடுத்துக்கினு போறேன். வெச்சிக்கவா எடுத்துக்கினு போறேன்?” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவர் தன்மையாகத்தான் பதில் சொன்னார். “புக்கு உங்க ஸ்டேட்டுது நைனா. ரோடு எங்களுது.”

பள்ளிப்பட்டு ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து சொல்லி, எழுதிக் கொடுத்து, விட்டபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஸ்டேஷனில் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டுத் திரும்பினோம். தேர்தல் முடிந்து போய் வாங்கி வரலாமா என்று கேட்டேன். “அங்கியே கெடக்கட்டும். பன்னி தின்னா தின்னுட்டுப் போவுது” என்றார். அந்த வருடம் பாதிக் காட்டைப் பன்றி கிளறிப் போட்டது. அவர் அசையவில்லை. எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது.

அந்தக் கோபம் போனது போன வருடம்தான். நைனாவின் முதல் வருடத் திதிக்கு ஊருக்குக் கிளம்பினேன். நான் ஒரே பிள்ளை. அந்த நாளைத் தள்ளிவைக்க முடியாது. விமானம் சிகாகோவிலிருந்து. அது இல்லினாய் மாநிலம், இண்டியானாவில் நான் இருக்கும் இடத்திலிருந்து காரில் இரண்டு மணி நேரம். என்னோடு வேலை பார்க்கும் டேரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். பனிக்காலத்தில் என் காரை மூன்று தடவை தள்ளிவிட்ட மனிதர், தங்கமானவர். பாதி வழியில் அவர் காபி எடுக்கக் குனிந்தபோதுதான் இடுப்பில் இருந்ததைப் பார்த்தேன்.

என்னை இங்கே அனுப்பியபோதே கம்பெனி வக்கீல் சொல்லியிருந்தார்: இந்த விசாவில் வந்தவன் துப்பாக்கியைக் கையில் வாங்கவே கூடாது. மீறினால் சிறை, அப்புறம் மூட்டை கட்ட வேண்டியதுதான். விதிவிலக்குகள் உண்டாம். அதை நம்பிக் கை நீட்ட எனக்குத் தைரியமில்லை. போனில் இல்லினாய்ச் சட்டத்தைத் தேடினேன். காருக்குள் மறைவாக இருந்தால் சிலருக்குப் பரவாயில்லை என்றது ஒரு பக்கம், குண்டை எடுத்துவிட்டுத் துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டச் சொன்னது இன்னொரு பக்கம். இப்படி வெளியே தெரிய வைத்துக்கொண்டு போகக் கூடாது என்பதில் மட்டும் எல்லாம் ஒத்துப்போயின.

வண்டியை நிறுத்தச் சொன்னேன். துப்பாக்கியைக் கண்டு பயப்படுகிறேன் என்று நினைத்து, பயப்படாதே, இதற்கு அனுமதி உண்டு என்றார். இங்கே உண்டு, அங்கே இல்லை என்றேன். என்னைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பை ஊரில் இதைப் படிப்பவர்கள் நினைத்துப் பார்க்கலாம். அவர் நாட்டுச் சட்டத்தைப் பள்ளிப்பட்டுக்காரன் அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறான். ஆனாலும் எல்லைக்கு முந்திய பெட்ரோல் பங்கில் நிறுத்தினார். குண்டுகளை எடுத்துவிட்டு டிக்கியைத் திறந்தார். அவருடைய டூல்பாக்ஸ் என் பெட்டிகளுக்கு அடியில் கிடந்தது. ஒரு நிமிடம் பிடி என்று துப்பாக்கியை என்னிடம் நீட்டினார்.

நான் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. விசாவைப் பற்றி உளறினேன். யார் பார்க்கப்போகிறார்கள் என்றார். தலைக்கு மேலே கேமரா இருந்தது. கடைசியில் துப்பாக்கியைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டு, பெட்டிகளை அவரே இறக்கி, அதை டூல்பாக்ஸில் போட்டுப் பூட்டி, பெட்டிகளை மறுபடி ஏற்றினார். நான் கையை எடுக்காமல் மரம் மாதிரி நின்றேன். உதவிக்கு வந்த மனிதரை இப்படி அவமானப்படுத்துகிறோமே என்று வெட்கமாக இருந்தது. இறங்கிவிட்டால் விமானம் போய்விடும். ஏறினால், போலீஸ் நிறுத்தும்போது நானும் அந்த வண்டிக்குள்தான் இருப்பேன். ஏறினேன். சிகாகோ வரும்வரை பின்னால் போலீஸ் வண்டி வருகிறதா என்று பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தேன். அன்று நைனா அந்த பெஞ்சில் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

விமான நிலையத்தில் என் பெட்டிகளை இறக்கிவைத்த டேரில், டிரைவிங் லைசென்ஸ் மாதிரி இந்த அனுமதியும் எல்லா இடத்திலும் செல்லும் என்று நினைத்திருந்தேன் என்றார். நைனாவைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கலாம். பின்னால் வந்த கார் ஹாரன் அடித்தது.

திதி முடிந்து இரண்டாம் நாள் பள்ளிப்பட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். துப்பாக்கி எங்களுக்கு வேண்டாம், அரசாங்கமே எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஏட்டு அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அதே வேட்டி, நைனா போட்ட முடிச்சு. அமெரிக்காவில் கடைக்குக் கடை இது கிடைக்குமாமே என்றார். வேட்டியைப் பிரித்து, “ஒரு தபா புடிச்சிப் பாருங்க சார், உங்க நைனாதுதானே” என்று நீட்டினார். ஸ்டேஷனுக்குள், போலீஸே கொடுக்கும்போது, யார் என்ன சொல்லப்போகிறார்கள்? என் கைகள் பேன்ட் பைக்குள் போய்விட்டிருந்தன. வேட்டியை மட்டும் கொடுங்கள் என்றேன்.

அதில் துப்பாக்கி எண்ணெயும் வெடிமருந்தும் மணத்தன. அடியில் நைனாவின் பீடி வாசனையும் இருந்தது, அல்லது இருப்பதாக நினைத்துக்கொண்டேன். பெட்டியில் வைத்தேன், எடுத்தேன். விமான நிலையத்தில் சிலசமயம் பெட்டியை ஒரு துணித்துண்டால் துடைத்து மெஷினில் வைத்துப் பார்ப்பார்கள். வெடிமருந்து பட்டிருந்தால் அது கத்தும். அப்புறம் இந்தியிலும் இங்கிலீஷிலும் யாருக்கு விளக்குவது? தோய்த்துத் தரட்டுமா என்று அம்மா கேட்டார். தோய்த்தால் கொண்டு போகலாம். ஆனால் அதற்கப்புறம் அது வெறும் வேட்டி. அம்மாவின் பீரோவில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அம்மா ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்பார். “அந்த வேட்டி அப்டியே கீதுடா. பீரோ முச்சூடும் அந்த நாத்தம்தான். இன்னா பண்றது?”

“அங்கியே கெடக்கட்டும்மா” என்கிறேன்.