கரிவண்டிப் பாதையின் குறுக்கே

என் தம்பி பச்சையப்பனை அம்மையார்குப்பத்தில் இன்றைக்கும் சிலர் ‘கரிக்குழி பச்சையப்பன்’ என்கிறார்கள். முதலில் அந்தப் பெயரே தப்பு. அது குழி அல்ல, மூட்டம். விறகை வட்டமாக அடுக்கி, மேலே தழை பரப்பி, மண் பூசி, உள்ளே நெருப்பு வைத்துக் கரியாக்குவது மூட்டம். குழி என்றால் தோண்டியிருக்க வேண்டும். அந்தக் காட்டில் யாரும் எதையும் தோண்டவில்லை. அடுத்தது, அந்த மூட்டத்தை வைத்தவனும் அவனல்ல, அதில் ஆளை இறக்கியவனும் அவனல்ல. இது ஊருக்குத் தெரியும். தெரிந்த பிறகும் பெயரை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் படிக்கட்டும் என்றுதான் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நாங்கள் தறிக் குடும்பம். நான் மூத்தவள், அவன் எனக்கு ஆறு வயது இளையவன். தறிக்குழியில் கால் வைத்து உட்கார வேண்டிய வயது வந்தபோது அவன் உட்காரவில்லை. நாலு இழை ஓடுவதற்குள் எழுந்து வாசலுக்குப் போவான், திரும்பி வருவான், மறுபடி போவான். எங்கள் நைனா இழை ஓட்டுகிற நாடாவைக் கீழே போட்டுவிட்டுக் கத்துவார்.

“டேய், ஒனக்கு இன்னா குண்டியில முள்ளா மொளச்சிருக்குது? ஒரு நாழி குந்துடா!”

“குந்திகினுதான நைனா இருக்கேன்.”

“எங்கடா? வாசல்லயா?”

அடித்தும் பார்த்தார், பட்டினி போட்டும் பார்த்தார். அவன் மலைக்குப் போய்விடுவான். எங்கள் ஊருக்கும் திருத்தணிக்கும் நடுவே ரிசர்வ் காட்டு மலை ஒன்று கிடக்கிறது. ரோடு அதைச் சுற்றிப் போகிறது. மலை மேல் போனால் வழி பாதியாகக் குறையும். கடைசியில் நைனா தோற்றுப்போய், நெய்த துணி மூட்டையை அவன் தோளில் வைத்து, “நடக்கத்தான் பொறந்திருக்கே, நடந்தே தின்னு” என்று அனுப்பினார். அன்றிலிருந்து ஊர்த் துணியை மலை வழியாகத் திருத்தணி ஸ்டேஷனுக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பது அவன் தொழில் ஆனது. ஒரு மூட்டை நனைந்ததில்லை, ஒரு மூட்டை முள்ளில் கிழிந்ததில்லை. கோடைக்காலத்தில் காட்டுத் தீ பரவாமல் இருக்கக் கோடு வெட்டும் வேலைக்கும் பாரஸ்ட் கார்டு அவனைத்தான் கூப்பிடுவார்.

அந்த மலையில் மூன்று விதமான பாதைகள் உண்டு. மாட்டுப் பாதை சரிவிலேயே வளைந்து வளைந்து போய்த் தண்ணீர் உள்ள இடத்தில் முடிந்துவிடும். விறகுக்காரிகள் பாதை செங்குத்தாக இறங்கும், ஏனென்றால் தலையில் சுமை இருப்பவளால் குனிந்து வளைந்து திரும்ப முடியாது. மூன்றாவது எங்கள் காவடிப் பாதை. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குப் பூக்காவடி எடுத்துக்கொண்டு எங்கள் ஜனம் வெறுங்காலோடு நடக்கிற பாதை அது. அதில் தாழ்ந்த கிளை இருக்கக் கூடாது, காவடியின் வளைவு தட்டும். முள் இருக்கக் கூடாது. பச்சையப்பன் ஆடி பிறந்ததுமே ஒரு மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு போவான். அந்தக் கழி காவடியோடு நிற்கிற ஆளின் உயரம். அதை நட்டமாகப் பிடித்துக்கொண்டே பாதை முழுக்க நடப்பான். கழி எந்தக் கிளையில் தட்டுகிறதோ அந்தக் கிளையை வெட்டுவான். காரை முள், சூரை முள் எல்லாம் அரிவாளால் அறுத்து ஓரம் கட்டுவான்.

கிருத்திகை அன்றைக்கு அவன்தான் முன்னால் போகிறவன். கூட்டம் பின்னால் வரும். பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில், போகக் கூடாத பக்கத்தின் வாயில் பச்சைத் தழையைக் குறுக்கே போட்டு, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு அவன் மேற்கொண்டு நடந்துவிடுவான். மேலே சுனையைச் சுத்தம் செய்து, வருகிறவர்களுக்குத் தண்ணீர் மொண்டு வைக்க வேண்டுமே. தழை கிடக்கிற பக்கம் யாரும் போகமாட்டார்கள். போயே தீரவேண்டிய விறகுக்காரிகூடத் தாண்டிப் போவாளே தவிர எடுக்க மாட்டாள். எடுத்தால் திரும்பப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மலையில் நடக்கிற குழந்தைக்கும் இது தெரியும். பச்சையப்பன் போடுவது எப்போதும் ஆவாரந் தழை. ஆடு மாடு வாய் வைக்காத செடி அது.

யுத்தம் வந்தது. பெட்ரோல் இல்லை. பஸ்ஸுக்குப் பின்னால் பெரிய பீப்பாய் ஒன்றை மாட்டிக் கரியைப் போட்டு ஓட்டினார்கள். திருத்தணியில் பஸ் ரிப்பேர் பார்க்கிற சத்தார் பாய், “நம்ம பஸ்ஸு ஓட்டல் அடுப்பு ஆயிடுச்சும்மா. ஏர்றதுக்கு முன்ன ஊதணும், எறங்கினா மூஞ்சி கழுவணும்” என்பார். அந்தக் கரிக்காக எங்கள் மலையில் ஒரு கண்ட்ராக்ட்காரர் மரம் வெட்ட ஏலம் எடுத்தார். காட்டுக்குள்ளே மூட்டங்கள் புகைய ஆரம்பித்தன. கரி ஏற்ற மாட்டு வண்டிகள் போய்ப் போய், காவடிப் பாதை மேலேறும் இடத்தில் பக்கவாட்டில் அகலமான வண்டிப் பாதை ஒன்று உண்டாயிற்று. அந்த வண்டிகளில் ஒன்று என் புருஷன் வீராசாமியுடையது.

நாற்பத்து மூன்றாம் வருஷத்து ஆடிக் கிருத்திகை. கூட்டத்துக்குத் தலைவர் சடகோபன் மாமா. ஊரில் நாலு தறி வைத்திருப்பவர். அவர் மனைவி அன்னம்மாள் அத்தையும் பூ எடுத்து வந்தாள். பிரிகிற இடத்துக்கு வந்தபோது விடிந்து வெளிச்சமாகிவிட்டது. இடது கைப் பக்கம் ஒடுக்கமான ஏற்றம், வலது கைப் பக்கம் சமமான அகலப் பாதை. எதன் வாயிலும் தழை இல்லை. சடகோபன் மாமா சிரித்துக்கொண்டே சொன்னாராம்:

“பாருங்கடா, பச்சையப்பன் இந்த வருசம் ராஜபாட்டையே போட்டுட்டான்!”

அரோகரா போட்டுக்கொண்டு அகலப் பாதையில் நடந்தார்கள். அது போய் ஒரு வெளியில் முடிந்தது. நடுவே சாம்பல் நிறத்தில் வட்டமான தரை, நெல்லடிக்கும் களம் மாதிரி. கரியை வாரிவிட்டுப் போன மூட்டத்தின் அடி அது. இரவுத் தூறலில் மேலே இறுகிப் போயிருந்தது. உள்ளே தணல். முதலில் அதில் கால் வைத்தவள் அன்னம்மாள் அத்தை. இரண்டு காலும் கணுக்கால் வரை இறங்கின.

அந்தக் கால்கள் தறி மிதித்த கால்கள். அதற்குப் பிறகு மிதிக்கவில்லை. இதில் எனக்கும் வருத்தம் உண்டு, என் தம்பிக்கு என்னைவிட உண்டு. ஆனால் வருத்தம் வேறு, பழி வேறு.

பஜனை கோயிலில் கூட்டம் கூட்டினார்கள். நான் வெளியே பெண்களோடு நின்றிருந்தேன்.

“தழை போட்டியாடா?” என்றார் சடகோபன் மாமா.

“போட்டேன் மாமா.”

“எங்க?”

“வண்டிப் பாதை வாயில. ஆவாரந் தழை. மேல கல்லு வெச்சேன்.”

“அப்ப தழை எங்க போச்சு? ஆடு தின்னுடுச்சா?”

“ஆவாரைய ஆடு தின்னாது மாமா.”

“அப்ப கல்லு?” என்றான் பின்னாலிருந்து ஒருவன். “கல்லும் காவடி எடுத்துகினு திருத்தணி போயிடுச்சோ?”

சிரித்தார்கள். அத்தையின் கால் வெந்து கிடக்கும்போது சிரித்தார்கள். தூணோரம் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த என் புருஷனும் சிரித்தார். என் கண்ணால் பார்த்தேன்.

தீர்ப்பு சுருக்கமானது. பச்சையப்பன் இனிமேல் முன்னால் போகக் கூடாது. அதோடு விட்டார்களா? துணி மூட்டை கொடுப்பதையும் நிறுத்தினார்கள். மனுஷரையே நெருப்பில் விட்டவனை நம்பித் துணியை விடுவதா என்று ஒவ்வொரு வீடாகச் சொன்னார்கள். பதினைந்து வருஷம் நனையாமல் வந்த மூட்டைகளை ஒருவரும் நினைக்கவில்லை. அவன் ஒருவரிடமும் போய் நிற்கவில்லை. விறகு சுமந்தான். நான்தான் ஒவ்வொரு வாசலிலும் சண்டை போட்டேன். வீட்டுக்கு வந்தால் என் புருஷன் சொல்வார்:

“எதுக்கு ஊரு வம்பு? ஒன் தம்பி காட்ல பூந்தா வானத்தப் பாத்துகினு போற ஆளு. மறந்திருப்பான். உடு.”

அந்த ஒரு வருஷமும் என் கையால்தான் சாப்பிட்டார்.

அடுத்த ஆடிக் கிருத்திகை வந்தது. சடகோபன் மாமாவே முன்னால் நடந்தார். “இன்னா பெரிய வழி? எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்” என்றார். அன்னம்மாள் அத்தை பிடிவாதமாகக் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தாள், வேண்டுதலைப் பாதியில் விடமாட்டேன் என்று. நான் பூக்கூடையோடு கடைசியில் நடந்தேன். தம்பியை அன்று காலையிலிருந்து காணவில்லை.

பிரிகிற இடத்தை நெருங்கும்போதே சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், வண்டிப் பாதையின் வாயில், ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் பாதையின் குறுக்கே நீட்டி உட்கார்ந்திருந்தான் பச்சையப்பன். ஒரு நாழிகை தறியில் உட்காராதவன். அவனுக்கு எதிரே, கரி மூட்டை அடுக்கிய பார வண்டி. மாடுகளின் மூச்சு அவன் தலைமேல் விழுந்துகொண்டிருந்தது. வண்டி மேல் என் புருஷன்.

“எழுந்திருடா. வண்டி வருது தெரியல?”

“தெரியுது பாவா. ஜனம் போவட்டும். அது வரைக்கும் நிறுத்து.”

“கரிக்கு அங்க பஸ்ஸு காத்துகினு இருக்குது. ஒனக்கு இன்னா, வேலையா வெட்டியா?”

“மாட்ட அவுத்து உடு பாவா. பாவம், அது கொஞ்சம் நிக்கட்டும்.”

“எனக்கே புத்தி சொல்றியா? திரும்பவும் முடியல, பின்னாலயும் போவ முடியல. இன்னாடா அழிச்சாட்டியம் இது?” சாட்டையை ஓங்கினார், அடிக்கவில்லை. ஆனால் வாய் நிற்கவில்லை. “போன வருசம் தழையப் போட்டு அடைச்சே. எறங்கி எடுத்துக் கடாசிட்டுப் போனேன். இந்த வருசம் நீயே குந்திகினியா? ஒன்னையும் தூக்கி அந்தாண்ட போட எவ்ளோ நேரம் ஆவும்?”

சொல்லி முடித்த பிறகுதான் எங்களைப் பார்த்தார். அரோகரா நின்றுபோயிருந்தது.

அன்னம்மாள் அத்தை துணி சுற்றிய காலோடு முன்னால் வந்தாள்.

“இன்னா சொன்னே? இன்னொரு தபா சொல்லு.”

“இன்னாத்த சொல்றது? வண்டி போவணும்ல. எடுத்தேன்.”

“எடுத்தவன் திருப்பிப் போட்டியா?”

“பார வண்டிய இன்னொரு தபா நிறுத்தி எறங்கினா மாடு மறுபடி இழுக்குமா? பின்னால இன்னொரு வண்டி வந்துகினு இருந்துச்சு. அவன் போட்டுடுவான்னு பாத்தேன்.”

“போட்டானா?”

“அத நான் இன்னாத்த கண்டேன்?”

“நான் கண்டேன்டா, பாவி!” என்று காலைத் தூக்கிக் காட்டினாள் அத்தை. “ஒரு வருசமா வெந்த கால வெச்சுகினு இந்தப் புள்ளைய வாழ்த்தவா செஞ்சேன்? நாக்கு அழுக அழுக சபிச்சேனே! கோயில்ல குந்திகினு வெத்தலைதான மென்னுகினு இருந்தே? ஒரு வாய்ச் சொல்லு சொல்ல, வாயில இன்னா கொழுக்கட்டையா இருந்துச்சு?”

அவர் மாட்டைப் பார்த்தார். இது துரோகம்கூட இல்லை, சோம்பேறித்தனம். முதலில் இன்னொரு முறை இறங்கச் சோம்பல், பிறகு வாயைத் திறக்கச் சோம்பல். அதற்குத்தான் என் தம்பியின் ஒரு வருஷம் போயிற்று.

சடகோபன் மாமா தொண்டையைச் செருமினார். இப்போதாவது ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

“சரி சரி. சாமி காரியமா போறப்ப சண்டை வாணாம். பச்சையப்பா, எழுந்து முன்னால போடா.”

இவ்வளவுதான். கோயிலில் ஊரைக் கூட்டிப் பழி போட்ட மனுஷர், காட்டில் அந்தப் பழியைத் துடைத்தது இந்தச் ‘சரி சரி’யில். கூடச் சிரித்தவர்களில் ஒருவனும் ஒரு வார்த்தை பேசவில்லை. காவடியைத் தோள் மாற்றிக்கொண்டார்கள்.

“முன்னால நீங்களே போங்க மாமா,” என்றான் தம்பி. “எல்லாருக்கும் தெரிஞ்ச வழிதான?”

நான் பக்கத்தில் போய், “ஒனக்கு முன்னயே தெரியுமாடா?” என்று கேட்டேன்.

“அப்புறமா போயி தடம் பாத்தேன். அன்னிக்கு வந்தது ரெண்டு வண்டி. முன்னால பாவாது.”

“ஏன்டா சொல்லல?”

“நீ அந்த வூட்ல வாழணுமே அக்கா.”

அதற்காகத்தான் அவன் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. ஆனால் இன்னொரு கால் வேகவும் விடமாட்டான். அதனால் தழை இருக்க வேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்தான். வருவது யார் வண்டி என்று தெரிந்தேதான் உட்கார்ந்தான்.

ஜனம் ஒவ்வொருவராக இடது கைப் பக்கம் ஏற ஆரம்பித்தது. அன்னம்மாள் அத்தை மட்டும் நகரவில்லை. ஓரத்தில் நின்ற வாகை மரத்தில் எக்கி ஒரு கிளையை ஒடித்தாள். அதைக் கொண்டுவந்து வண்டிப் பாதையின் குறுக்கே, அவன் நீட்டிய கால்களுக்குப் பக்கத்தில் போட்டாள். ஒரு கல்லையும் தேடி மேலே வைத்தாள்.

“எழுந்திருடா கண்ணு. தழை போட்டாச்சு. வா, போவலாம்.”

அவன் அவள் காலைப் பார்த்தான்.

“தழை போன வருசமும் இருந்துச்சு அத்தே. நீங்க நடங்க. கடைசி ஆளு போனதும் வரேன்.”

அவள் அழுதுகொண்டே ஏறினாள். நான் என் புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை, தம்பிக்குப் பக்கத்தில் கூடையோடு நின்றேன். காவடிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளை எதிலும் தட்டாமல் மேலே போயின. அந்தக் கிளைகளை அந்த வருஷமும் யார் வெட்டியது என்று ஒருவரும் கேட்கவில்லை. வண்டி மாடுகளில் வலத்து மாடு கழுத்தை நீட்டி, கல்லைத் தள்ளிவிட்டு, வாகைத் தழையை இழுத்துத் தின்ன ஆரம்பித்தது. பச்சையப்பன் அதைத் தடுக்கவில்லை. காலையும் மடக்கவில்லை.