என் பெயரில் வந்த தொண்ணூற்றாறு

கழுத்து எலும்புகளுக்கு நடுவே ஒரு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று ஸ்கேன் காட்டியபோது நான் திட்டியது ஸ்கேனைத்தான். படம் சரியாக எடுக்கவில்லை என்று சண்டை போட்டேன். இன்னொரு இடத்தில் எடுத்தேன். அதிலும் வட்டு அங்கேயேதான் இருந்தது.

நான் காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நிபுணர். இருபது வருடமாக லேப்ராஸ்கோபி செய்கிறேன். நோயாளியின் வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, நீளமான கருவிகளை உள்ளே விட்டு, எதிரே திரையை அண்ணாந்து பார்த்தபடி மணிக்கணக்கில் நின்று செய்யும் வேலை. பித்தப்பைக் கல், குடலிறக்கம், குடல்வால் என்று எத்தனை எடுத்தேனோ, என் கழுத்து எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தது. வலது கையில் இரண்டு விரல்கள் அடிக்கடி மரத்துப்போக ஆரம்பித்தன. நண்பரான எலும்பு டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இன்னும் ஒரு வருஷம். அதுக்கப்புறம் நின்னுக்கிட்டு ஆபரேஷன் பண்றதை மறந்துடுங்க" என்றார். எனக்கு வேறு வேலை தெரியாது. சமையல்கூடச் சுமார்தான்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் நிர்வாகம் ரோபோ வாங்கப்போவதாகச் சொன்னது. ரோபோ என்றால் அதுவாக ஆபரேஷன் செய்யும் என்று ஊரில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நோயாளியின் மேல் இயந்திரக் கைகள் இருக்கும். டாக்டர் பத்தடி தள்ளி ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து உட்கார்ந்து, விரலாலும் காலாலும் அந்தக் கைகளை இயக்குவார். உட்கார்ந்து! எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது. அந்த நாற்காலி கிடைத்தால் இன்னும் பதினைந்து வருடம் ஆபரேஷன் செய்வேன். கிடைக்காவிட்டால் வெளிநோயாளிப் பிரிவில் மாத்திரை எழுதிக்கொண்டிருப்பேன்.

நாற்காலி சும்மா கிடைக்காது. முதலில் ஆன்லைனில் இருபத்திரண்டு பாடம், கடைசியில் பரீட்சை. பிறகு சென்னையில் ஒரு பயிற்சி மையத்தில் இரண்டு நாள் நேரடிப் பயிற்சி. ஆன்லைன் பாடத்தின் கட்டணத்தில் எங்கள் ஊரில் இரண்டு நல்ல முகூர்த்தப் பட்டு எடுக்கலாம். சென்னையின் அந்த இரண்டு நாளுக்கு ஒரு கல்யாண வீட்டுக்கே ஜவுளி எடுக்கலாம். இயந்திரத்தின் முன்னால் உட்காரும் ஒவ்வொரு மணி நேரமும் அவ்வளவு விலை. அதனால் வீட்டிலேயே கற்றுக்கொள்ள முடிந்ததை வீட்டிலேயே கற்றுக்கொண்டு வரவேண்டும் என்பது ஏற்பாடு. முதல் தடவைக்கு நிர்வாகம் கட்டும். தவறினால் அடுத்த தடவை என் கைக்காசு, அதுவும் ஆறு மாதம் காத்திருந்து.

"நம்ம ஊர்ல பாதிப் பேரு தறியில கால் மிதிச்சவங்கதான் மேடம், உங்களுக்குப் பெடல் எல்லாம் ரத்தத்துலயே இருக்கும்" என்று எங்கள் மருத்துவமனை மேனேஜர் சிரித்தார். என் அப்பா தபால் ஆபீஸில் முத்திரை குத்தியவர். அதைச் சொல்லவில்லை.

முதல் பாடத்தைத் திறந்தேன். ஒருவர் ஆங்கிலத்தில், இயந்திர வண்டியின் சக்கரத்தை எப்படிப் பூட்டுவது என்று பத்து நிமிடம் விளக்கினார். இருபது வருடம் ஆபரேஷன் செய்தவளுக்குச் சக்கரப் பாடம்! சரி, ஓடட்டும் என்று விட்டுவிட்டு நோயாளிகளைப் பார்க்கலாம் என்றால் அதுவும் முடியவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வீடியோ நின்று, 'இருக்கிறீர்களா?' என்று கேட்டது. பொத்தானை அமுக்கினால்தான் மேலே போகும். என்னைப் போன்ற ஆட்களைப் பிடிக்கவே யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

எங்கள் அறுவை அரங்கின் சிஸ்டர் பதினோரு வருடமாக என்னோடு நிற்பவர். தாமலில் இருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கணவருக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். நான் கையை நீட்டினால் எனக்கு என்ன கருவி வேண்டுமோ அது உள்ளங்கையில் வந்து விழும். என் கடவுச்சொல்லை அவர் போனில் போட்டுக் கொடுத்தேன்.

"இது அப்பப்ப நிக்கும் சிஸ்டர். நின்னா அமுக்குங்க. அவ்வளவுதான்."

"கடைசில பரீட்சைன்னு போட்டுக்கினு இருக்குதே மேடம்?"

"எதையாவது தட்டுங்க. எத்தனை தடவை வேணா எழுதலாமாம். பாஸ் ஆனா சரி."

"சரி மேடம்" என்றார். அவர் எப்போதுமே 'சரி மேடம்' என்பவர்தான். எனக்கு அதில் துளியும் கூச்சம் இருக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர் இப்படிப்பட்ட பாடங்களை மனைவியிடம் கொடுத்துவிடுவார். இன்னொருவர் டிரைவரிடம்.

ஒரு மாதத்தில் மின்னஞ்சல் வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. சிஸ்டர் எதையோ தட்டியே தொண்ணூற்றாறு வாங்கிவிட்டார் என்றால் அந்தப் பரீட்சையின் லட்சணம் என்ன என்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன். ஆன்லைன் பாடம் எல்லாம் காசு பிடுங்கும் வேலை என்று மேனேஜரிடமும் சொன்னேன். அவர் காதில் தொண்ணூற்றாறு மட்டும்தான் விழுந்தது. சான்றிதழைச் சட்டம் போட்டு என் அறையில், நோயாளிகள் கண்ணில் படும்படி மாட்டினார். ஒரு பட்டுக்கடை முதலாளி அதை உற்றுப் பார்த்துவிட்டு, "அமெரிக்காவா மேடம்?" என்று கேட்டார். நான் மறுக்கவில்லை.

சென்னை மையத்தில் முதல் நாள், பயிற்சி கொடுத்த டாக்டர் என்னைவிடச் சின்னவர், ரொம்ப மரியாதையானவர். "இந்த பேட்ச்ல உங்க ஆன்லைன் மார்க்தான் டாப் மேடம். நீங்களே ஆரம்பிங்க" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்து போய் உட்கார்ந்தேன். கழுத்துக்கு அவ்வளவு சுகம். கண்ணில் நீர் வந்துவிடும்போல இருந்தது.

அது நிஜ ஆபரேஷன் இல்லை, திரைக்குள் நடக்கும் பயிற்சி. நூலில் கட்டிய ஒரு வளையத்தை எடுத்துக் கம்பியில் போடவேண்டும். கை எட்டாமல் போனால், கருவி நகராமல் நம் கையை மட்டும் நகர்த்திக்கொள்ள ஒரு பெடல் உண்டு என்று தெரியும். எந்தப் பெடல் என்று தெரியாது. ஒன்றை மிதித்தேன். அது திசுவைச் சுட்டுப் பொசுக்கும் பெடல். திரையில் புகை வந்தது. பதறி நூலை இழுத்தேன், அறுந்தது. இந்த இயந்திரத்தில் இழுக்கும் பலம் கைக்குத் தெரியாது, கண்ணால்தான் பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டும் என்பது நான்காவது பாடமாம். பிறகு ஒரு கருவியே காணாமல் போனது. கேமரா பார்க்காத இடத்தில் அது எதையோ குத்திக்கொண்டிருந்தது. மெல்லத் திரை சிவப்பானது. இயந்திரம் ஒரு மதிப்பெண் போட்டது. அதை இங்கே எழுத மாட்டேன்.

நான் பெட்டியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. வெளியே எடுத்தால் அவர்களைப் பார்க்கவேண்டும். இருபது வருடத்தில் என் கை என் பேச்சைக் கேட்காதது அன்றுதான். பயிற்சியாளர் மெதுவாக, "முதல் நாள்தானே மேடம்" என்றார். ஆனால் அவர் பார்வை என் மதிப்பெண் பட்டியலுக்குப் போய்த் திரும்பியதை நான் கவனித்தேன்.

இரண்டாம் நாள் ஒவ்வொரு டாக்டரும் தன்னோடு ஒரு நர்ஸை அழைத்து வரலாம். அவர்களுக்குக் கட்டணம் இல்லை, பயிற்சியும் இல்லை. பக்கத்தில் நின்றால் போதும். எங்கள் சிஸ்டர் வெள்ளைச் சீருடையைக் கஞ்சி போட்டு உடுத்திக்கொண்டு வந்திருந்தார். மேஜைமேல் ஒரு பொம்மை நோயாளி. வயிற்றுக்குள் சிலிகோன் குடல். நான் பெட்டியில், சிஸ்டர் பொம்மையின் பக்கத்தில். என் கருவி குடலைப் பிடித்திருந்த நேரத்தில் பயிற்சியாளர் இயந்திரத்தை நிறுத்தினார். அதன் எல்லா விளக்கும் அணைந்தது.

"மெஷின் ஃபெயிலியர். பேஷண்டுக்கு ரத்தம் போகுது. உடனே வயித்தைத் திறக்கணும். ஆர்டர் கொடுங்க மேடம்."

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இயந்திரக் கைகளை முதலில் வெளியே எடுக்கவேண்டும், அவ்வளவுதான் மண்டையில் ஓடியது. "சிஸ்டர், கருவியைக் கழட்டி இழுங்க!" என்று கத்தினேன்.

சிஸ்டரின் கை நகரவில்லை.

"இழுங்க சிஸ்டர்!"

"மாட்டேன் மேடம்."

பதினோரு வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதில்லை. மயக்க ஊசி போட்டு வைத்த நோயாளிக்கு முன்னால் நான் எத்தனையோ தடவை அவரிடம் கத்தியிருக்கிறேன், அப்போதுகூடச் சொன்னதில்லை. அவர் தட்டிலிருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்தார். கருவியின் பின்பக்கத்தில் அதைச் செருகித் திருப்பினார். உள்ளே குடலைக் கவ்வியிருந்த தாடை மெல்லத் திறந்தது. அதன் பிறகே கருவியை உருவினார், இயந்திரக் கையை விலக்கினார். குடலில் ஒரு கீறல் இல்லை.

"அப்படியே இழுத்திருந்தா குடல் கிழிஞ்சிருக்கும்" என்றார் பயிற்சியாளர். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு நிமிர்ந்து, "உங்க ரெண்டு பேர்ல ஆன்லைன் கோர்ஸ் முடிச்சது யார் மேடம்?" என்று கேட்டார்.

பூசி மெழுகியிருக்கலாம். கழுத்து வலி, பதற்றம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். என் முன்னால் அந்தச் சிலிகோன் குடல் முழுசாகக் கிடந்தது. நான் சொன்னபடி கேட்டிருந்தால் அது இரண்டாகியிருக்கும். நாளைக்கு அது யாருடைய குடலாகவும் இருந்திருக்கலாம். "அவங்க" என்றேன். சான்றிதழை அங்கேயே ரத்து செய்தார்கள்.

திரும்பும்போது ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி பஸ்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்து ரோட்டை அடைத்துக்கொண்டன. கார் நின்றது. நானும் வேறு வழியில்லாமல் பேசினேன்.

"எல்லாப் பாடத்தையும் படிச்சீங்களா சிஸ்டர்?"

"ஆமா மேடம். தாமல்ல ஏறினா பஸ்ல உக்கார இடம் கிடைக்கும். பாத்துக்கினே வருவேன். அவன் இங்கிலீஷ்ல வேகமா பேசுறான், ஒவ்வொன்னையும் ரெண்டு மூணு தடவ போடுவேன்."

"பரீட்சை?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "மொத தடவ எழுவத்தஞ்சுதான் வந்துது மேடம். பாஸ்தான். ஆனா உங்க பேருக்கு அது நல்லா இருக்காதேன்னு மறுபடி படிச்சு எழுதினேன்."

"அமுக்கினா போதும்னுதானே சொன்னேன்?" என்றேன். கோபமாகக் கேட்க நினைத்தேன், குரல் அப்படி வரவில்லை.

"கோச்சுக்காதீங்க மேடம். நீங்க பத்தடி தள்ளி உக்காந்துகினு இருப்பீங்க. உங்க மூஞ்சி அந்தப் பெட்டிக்குள்ள இருக்கும். பேஷண்ட் பக்கத்துல நிக்கப்போறது நான்தானே? மெஷின் நின்னா மொதல்ல என் கைதானே போவணும்? தெரியாம எப்பிடி மேடம் நிக்கிறது?"

அந்தக் கேள்வி எங்கள் யாருக்குமே தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, மேனேஜருக்கும் தோன்றவில்லை, அவ்வளவு கட்டணம் வாங்கியவர்களுக்கும் தோன்றவில்லை.

அடுத்த ஆறு மாதம் கழுத்தில் பட்டையோடு கழிந்தது. நீளமான ஆபரேஷன்களை மற்றவர்களுக்குக் கொடுத்தேன். என் காசில் மறுபடி பாடத்துக்குப் பணம் கட்டி, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சக்கரத்தைப் பூட்டுவதிலிருந்து ஆரம்பித்தேன். வீடியோ நின்று 'இருக்கிறீர்களா?' என்று கேட்டால், இருக்கிறேன் என்று நானே அமுக்கினேன். முதல் தடவை பரீட்சை எழுதியபோது ஐம்பத்தெட்டு வந்தது. கம்ப்யூட்டர் தப்பு என்று கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்தேன். பிறகு சிஸ்டரைக் கூப்பிட்டுத் தப்பான கேள்விகளைக் காட்டினேன். அவர் ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். பெடல்களை எல்லாம் கலர் பென்சிலில் வரைந்திருந்தார்.

சென்னையில் இரண்டாம் தடவை தேறினேன். பெட்டியில் முகம் வைத்து உட்கார்ந்தபோது ஒவ்வொரு பெடலும் அந்த நோட்டின் நிறத்தில்தான் கண்ணுக்கு வந்தது. இயந்திரத்தை நிறுத்தி ஆர்டர் கேட்டபோது, "சிஸ்டர், சாவி" என்றேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே சாவி அவர் கையில் இருந்தது.

சிஸ்டரையும் முறைப்படி அந்தக் கோர்ஸில் சேர்க்கவேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டேன். "அது டாக்டருங்களுக்கு மட்டும்தான் மேடம். பதிவு எண் போட்டாத்தான் உள்ளயே விடுது" என்றார். கத்தினேன். கதவை அறைந்தேன். பதிவு எண் கேட்கும் கட்டம் அப்படியேதான் இருந்தது.

ரத்தான பழைய சான்றிதழ் அதுவரை என் அறைச் சுவரிலேயே தொங்கியது. கழற்றினால் ஏன் என்று கேட்பார்களே என்ற பயம். முதல் ரோபோ ஆபரேஷனுக்கு முந்தைய நாள் அதைக் கழற்றி அறுவை அரங்குக்கு எடுத்துப் போனேன்.

"இது உங்களோடது சிஸ்டர்."

அவர் கண்ணாடியை விரலால் துடைத்தார். நிதானமாக, ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"இதுல என் பேரு எங்க மேடம் இருக்குது?"

கோபமாகக் கேட்கவில்லை. பார்த்துவிட்டு, இல்லை என்று தெரிந்துகொண்டு கேட்டார், அவ்வளவுதான். சட்டத்தை அலமாரிக்கு மேலே வைத்துவிட்டு மறுநாளைக்கான தட்டை அடுக்க ஆரம்பித்தார். அந்தச் சின்னச் சாவியை நான் என் பக்கத்து மேஜையில் வைக்கச் சொல்லியிருந்தேன். அதை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"நீங்க நாற்காலிய வச்சிக்கோங்க மேடம். இது என் கை எட்டுற இடத்துலதான் இருக்கணும்."

"சரி சிஸ்டர்" என்றேன்.