ஒன்பதாவது கேலக்ஸியின் கோடு

அவளுடைய நாற்காலி வாங்கிப் பதினாறு வருடமாகிறது. இன்னும் பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை. உட்கார்ந்தால்தானே! வானாய்வு நிலையத்தில் அவள் பெயரே பம்பரம். அவள் நடந்த நடையில் தரை பள்ளமாகி, துப்புரவுப் பணியாளர் அதற்குள் வாளியைத் தொலைத்துவிட்டு ஒரு வாரம் தேடினாராம். பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதி நிஜம்தான்.

வேலை, சரிபார்ப்பது. கணினி பிரித்துத் தரும் கேலக்ஸிகளைப் பார்த்து, ‘நட்சத்திரம் பிறக்கிறது’, ‘நின்றுவிட்டது’ என்று இரண்டில் ஒன்றைக் குறிக்க வேண்டும். குறிப்பவள் பெயர் இதுவரை எந்தக் கட்டுரையிலும் வந்ததில்லை. இந்த முறை வரப்போகிறது. பிரபஞ்சம் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே நெருக்கியடித்துச் சேர்ந்த ஒரு கூட்டம். அதிலுள்ள ஒன்பது கேலக்ஸிகளும் அந்த வயதிலேயே நட்சத்திரம் பிறப்பது நின்று ஓய்ந்துவிட்டன என்பது கட்டுரை. நாலு மணிக்கு அனுப்ப வேண்டும். அவள் கையெழுத்துதான் பாக்கி.

காலையில் கணவர் முகம் மழிக்கும்போதே குளியலறை வாசலில் நடந்துகொண்டிருந்தாள்.

“எல்லாம் ஏன் ஓஞ்சுபோச்சாம்?” என்றார் அவர், நுரைக்குள்ளிருந்து.

“கூட்டம் சேரச் சேர வாயு கொதிக்குது. இந்தக் கண்ணாடியப் பாருங்க, சூட்டோட சுத்தற ஆவி துளியாகுமா? குளிரணும். வாயுவும் குளிர்ந்து இறுகினாத்தான் நட்சத்திரம். நடுவுல இருக்கற கருந்துளை வேற ஆறவிடாம ஊதிக்கிட்டே இருக்கு.”

“உன்ன மாதிரி. சரி, நீ எதுக்கு இந்த நடை நடக்கற?”

“ஒன்பதாவதோட ஒளியப் பிரிச்சுப் பாத்தா மெல்லிசா ஒரு கோடு தெரியுது. நட்சத்திரம் பிறக்கற இடத்துலதான் அந்த ஒளி வரும். கம்ப்யூட்டர் அத நம்ம காத்து மண்டலத்தோட ஒளின்னு மறைச்சிடுச்சு.”

“மறைஞ்சிட்டுப் போகட்டுமே. உன் பேரு வருதில்ல?”

அதுதான் வழியெல்லாம் குடைந்தது.

அலுவலகத்தில் தலைமை ஆய்வாளர், அவளைவிடப் பத்து வயது இளையவர், கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, கையெழுத்து.”

“சார், அந்தக் கோடு...”

“அது நம்ம வானத்துக் கோடு அக்கா. தினம் அதே இடத்துல வரும்.”

அதே இடத்தில். அவள் நடை இன்னும் வேகமெடுத்தது. வானத்துக் கோடு பூமியின் காற்றிலிருந்து வருவது, காற்றும் நம்மோடே ஓடுவதால் இடம் மாறாது. கேலக்ஸியின் கோடு அப்படியா? பூமி சும்மாவா இருக்கிறது! ஒரு சமயம் அந்தக் கேலக்ஸியை நோக்கி ஓடும், ஐந்தாறு மாதம் கழித்து அதைவிட்டு ஓடும். அதற்குத் தக்கபடி கோடு கொஞ்சம் நகர்ந்தே ஆக வேண்டும்.

ஐந்து மாத இடைவெளியில் இரண்டு தடவை ஒளியைப் பதிவு செய்திருந்தார்கள். இரண்டையும் ஒன்றாகக் கூட்டிவிட்டதால் யாரும் தனித்தனியாகப் பார்க்கவில்லை. மறைப்பை நீக்கி, ஒன்றன் கீழ் ஒன்றாகத் திரையில் வைத்தாள், நின்றுகொண்டேதான். வானத்துக் கோடுகளெல்லாம் மேலும் கீழும் நேர் வரிசையில் நின்றன. ஒன்பதாவதின் கோடு மட்டும் மயிரிழை விலகியிருந்தது.

மணி மூன்றரை. வாயை மூடிக்கொண்டால் பெயர் வரும். ஜன்னல் வரை போனாள், வந்தாள், மறுபடி போனாள்.

“தம்பி, இங்க வாங்க.”

சார் தம்பியானால் விஷயம் பெரிதென்று அவருக்குத் தெரியும். வந்தார். அளந்தார். மறுபடி அளந்தார்.

“கட்டுரை இன்னைக்குப் போகாது. உங்க பேரும்தான்.”

“தெரியும்.”

“இவ்வளவு கொதிப்புக்கு நடுவுல இதுக்கு மட்டும் குளிர்ந்த வாயு எங்கேருந்துக்கா வருது?”

“அது அப்புறம். மத்த எட்டுலயும் என்னென்ன மறைஞ்சிருக்குன்னு பாக்க வேணாமா?”

அவர் தொப்பென்று அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். பதினாறு வருடத்து உறை படாரென்று கிழிந்தது. அவள் அதற்குள் ஜன்னலைத் தொட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள்.