குறி விலகிய துப்பாக்கி

என் மகள் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போகிறாள். நேற்று அவளுடைய ஏர்கன்னில் குறிபார்க்க மாட்டியிருந்த சின்னத் தொலைநோக்கியை, ஸ்கோப்பை, திருகப் போனேன். “கழட்டி மாட்டுனா குறி விலகிரும்ப்பா!” என்று தடுத்தாள். துப்பாக்கியைத் தொட்ட விரலில் தையல் மிஷின் எண்ணெய் வாசம்.

போடியில் அப்பாவின் ஏர்கன்னிலும் இதே வாசம்தான். தென்னையில் கட்டிய தகர டப்பாவைச் சுடுவார். குண்டு பட்டு டப்பா அதிரும் சத்தத்தில், தேங்காய் பறிக்க வரும் குரங்குகள் ஓட வேண்டும். ஒருநாளும் ஓடியதில்லை.

“தெனமும் எண்ணெய் போட்டுத் தொடைக்கிறீக. டப்பாவுல ஒரு ஓட்டையக் காணோம்” என்று அம்மா சிரிப்பாள்.

அம்மாவுக்கு மலைமேல் ஏலத்தோட்டத்தில் வேலை. சாயங்காலமானால் அப்பா ஸ்கோப்பை மட்டும் கழற்றிக்கொண்டு மாடிக்குப் போவார். போடிமெட்டு மலைப்பாதை வளைவுகளில் அவள் வரும் ஜீப்பு அதில் தெரிந்ததும், “உங்காத்தா வர்றா, வெரசா காப்பிக்குத் தண்ணி வை” என்று குரல் கொடுப்பார். பிறகு ஸ்கோப்பை மாட்டி முடுக்குவார்.

“கழட்டுனா குறி விலகும்னு உங்க தாத்தாவுக்கும் தெரியும்மா” என்றேன் மகளிடம். “தெரிஞ்சேதான் தெனமும் கழட்டுனாரு.”